நூலகமும் விழாவும்

பொது நூலகமொன்றில் நுழைபவரின் கண்ணில் முதலிற் படுவது பெரும்பாலும் ‘அமைதி பேணுக’ என்னும் பலகையாகும். அந்நூலகமே தன் ஆண்டுநிறைவைக் கொண்டாடும் நாளில் அதே பலகையின் அருகே மிருதங்கம் சுருதி சேர்க்கப்படுகின்றது, ஒலிபெருக்கி கட்டப்படுகின்றது, வாசிப்பு மேசைகள் சுவரோரம் ஒதுக்கப்பட்டு, அவை நின்ற இடத்தில் ஓவியங்கள் நிறுத்தப்படுகின்றன. நாள்தோறும் வந்து நாளிதழ் படிக்கும் முதியவர் ஒருவர் தமது வழக்கமான நாற்காலியில் வேறொருவர் அமர்ந்து தாளமிடுவதைக் கண்டு வீடு திரும்புகின்றார். இதில் எவருக்கு என்ன இழப்பு என வினவுவது முதற் பார்வைக்கு அற்பமாகத் தோன்றலாம். ஒருநாட் கொண்டாட்டந்தானே எனத் தள்ளிவிடவுங் கூடும். ஆயினும் ஒரு நிறுவனம் தன்னைக் கொண்டாடும் முறையிலேயே அது தன்னை இன்னதென மதிக்கின்றது என்பது வெளிப்படும். ஆகவே, நூலகம் தன் பிறந்தநாளை இசையாலும் ஓவியத்தாலும் கொண்டாடலாமா என்னும் வினா, நூலகம் எதற்காக இருக்கின்றது என்னும் வினாவோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்துள்ளது.

கூடாது என்போர் கூறுவன எளிதிற் புறக்கணிக்கத்தக்கவையல்ல. விழாவுக்குச் செலவாகும் பணத்திற்கு நூல் வாங்கலாம் என்பது அவர்தம் முதல் வாதம். இது உண்மையாயினும் வலுவற்றது. இதே வாதத்தைக் கொண்டு நூலக முற்றத்துப் பூஞ்செடிகளையும் பிடுங்கிவிடலாம். வலுவான வாதம் வேறொன்றுண்டு. விழா என்பது தான் சிறப்பிக்க வந்த பொருளைத் தானே விழுங்கிவிடும் இயல்பினது என்பதே அது. ஈழத்தில் இக்கருத்தை மிகக் கடுமையாக முன்வைத்தவர் ஆறுமுக நாவலர் ஆவார். 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவி நூலைப் பலர் கைக்கும் எட்டச்செய்த அதே நாவலர்தாம், கோயில் விழாக்களில் சதிர்க்கச்சேரியும் வாணவேடிக்கையும் மலிந்து வழிபாடு பின்தள்ளப்படுவதைக் கடிந்து எழுதினார். அவருடைய கடுமை முழுவதையும் ஏற்கவேண்டுவதில்லை. சதிராடியோர் மீது அவர் காட்டிய வெறுப்பில் அவர் காலத்து ஒழுக்கநோக்கின் குறுக்கமும் கலந்திருந்தது. ஆனாற் கூட்டம் கூடியதைக் கொண்டே ஒரு காரியம் நிறைவேறியதாகக் கொள்ளலாகாது என்ற அவரது உள்ளுணர்வு பொய்யன்று. கச்சேரிக்கு ஐந்நூறு பேர் வந்தனர் எனப் பெருமிதத்தோடு எழுதும் ஆண்டறிக்கை, மறுநாள் இரவல் பெறும் பகுதிக்கு எத்தனை பேர் வந்தனர் என்பதை எழுதுவதில்லை.

இதற்கு எதிரிடையாக ஈழத்தமிழர் வாழ்விலேயே ஒரு வழக்கம் நிலவியது. யாழ்ப்பாணக் கிராமத்து வாசிகசாலை என்பது பெரும்பாலும் ஒரு சிறு மண்டபம். உள்ளே நீண்ட மேசையொன்று, இரண்டு வாங்குகள், அன்றைய நாளிதழ்கள், ஒரு கண்ணாடி அலுமாரியிற் சில நூறு நூல்கள். அதற்கு ஆண்டுவிழா என்றால் ஊருக்கே விழா. பேச்சுப்போட்டியில் தொடங்கி, பரிசளிப்பு, வில்லுப்பாட்டு, இன்னிசைக் கச்சேரி எனத் தொடர்ந்து, நாடகமோ கூத்தோ விடியும்வரை நடைபெறும். வாசிப்புக்குரிய இடத்தில் ஆட்டமும் பாட்டும் எதற்கு என எவரும் வினவவில்லை. ஊர் இளைஞர் சிலர் முதன்முதலில் ஒரு நாடகப் பிரதியைக் கையிலெடுத்தது அம்மேடையை முன்னிட்டே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்விழாக்களைப் பொற்காலமாகச் சித்திரிப்பதும் நேர்மையாகாது. மேடையில் யார் ஏறுவது, வாங்கில் யார் இருப்பது என்பவற்றிற் பல ஊர்களின் சாதியேற்றத்தாழ்வு அப்படியே பிரதிபலித்தது. இருந்தபோதிலும், வாசிப்பும் கலையும் ஒரே கூரையின் கீழ் அடங்குவன என்னும் எண்ணம் அம்மக்களுக்கு இயல்பாகவே இருந்தது என்பதை மறுக்கவியலாது.

தமிழ்மொழியும் இவ்வெண்ணத்திற்குச் சான்று பகர்கின்றது. நூலையும் வாசிக்கின்றோம், வீணையையும் வாசிக்கின்றோம். இரண்டிற்கும் ஒரே வினைச்சொல் அமைந்தமைக்குச் சொல்லாராய்ச்சியாளர் கூறுங் காரணம் எதுவாயினும் ஆகுக. ஏட்டிற் கிடப்பதை ஒலியாக்குவதே வாசிப்பு என்னும் பழைய அனுபவம் அச்சொல்லிற் படிந்திருப்பதாகக் கொள்ளுதல் தவறாகாது. நூல் வெளிவந்த நாளில் அது அவையிற் பாடிக்காட்டப்பட்டது. அதனை அரங்கேற்றம் என்றனர்; இன்று நாட்டியத்திற்கும் இசைக்கும் வழங்குவது அதே சொல்தான். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நிகழ்ந்த புராணபடனத்தில் ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். எழுத்தறியாதோரும் கந்தபுராணத்தை அறிந்திருந்தமைக்கு அக்குரலே வழியாயிற்று. மேற்கிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டிருக்கவில்லை. 4ஆம் நூற்றாண்டில் மிலான் நகரத்து ஆயர் அம்புரோசு உதடசையாது கண்ணாலேயே வாசிப்பதைக் கண்டு அகுஸ்தீன் அதனைக் குறிப்பிடத்தக்க செய்தியாகத் தம் நூலிற் பதிந்து வைத்தார்.

இவ்வளவிற் பிரச்சினை தீர்ந்தது, இசை நூலகத்திற்கு அந்நியமன்று எனக் கூறி முடித்துவிடலாம். ஆயின் அவ்வாறு முடிப்பது மௌன வாசிப்பு மனிதனுக்குத் தந்ததை மறப்பதாகும். புராணபடனத்தில் எப்பாட்டு வாசிக்கப்படும் என்பதைக் கேட்போர் தீர்மானிப்பதில்லை. அதன் பயன் இன்னதென்பதையும் அவர்கள் தீர்மானிப்பதில்லை. அவ்வுரையோடு உடன்படாதவர் எழுந்து போகலாம். வேறு செய்வதற்கு வழியில்லை. நூலகத்தில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் அறுவர் அறுவகை நூல்களைப் படிக்கின்றனர். ஒருவர் பக்தியிலக்கியம் படிக்க, அவருக்கு எதிரே இருப்பவர் கடவுள் மறுப்பைப் படிக்கின்றார். இருவரும் ஒருவரையொருவர் தடுப்பதில்லை. ஒருவர் என்ன படிக்கின்றார் என்பதை மற்றவர் அறியவேண்டுவதுமில்லை. ‘அமைதி பேணுக’ என்னும் பலகை இவ்வுரிமைக்கே காவலாய் நிற்கின்றது. அறிவு மௌனத்தை விரும்புகின்றது என்பது அப்பலகையின் பொருளன்று. உன் குரல் அயலவனின் சிந்தனைக்குள் அழைப்பின்றிப் புகலாகாது என்பதே அதன் பொருள்.

இவ்விடத்திலேதான் வினா கூர்மையடைகின்றது. விழா என்பது பலரை ஒரே வேளையில் ஒரே உணர்ச்சிக்கு ஆளாக்குவது. நூலகமோ ஒவ்வொருவரையும் அவரவர் வழியில் விடுவது. எனின், விழாக் கொண்டாடும் நூலகம் அன்றொருநாள் தன் இயல்புக்கு மாறாக நடந்துகொள்கின்றதா?

பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1758இல் தலாம்பேருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இதையொத்த ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். நாடகக் கொட்டகையில் மக்கள் ஒன்றுகூடியிருப்பதாக எண்ணுகின்றனர். உண்மையில் ஒவ்வொருவரும் தனித்திருக்கின்றனர் என்பது அவர் கூற்று. அதற்கு மாறாக, திறந்தவெளி விழாவில் மக்களே காட்சியாகவும் காண்போராகவும் ஆகி, ஒருவர் மற்றவரிடத்தே தம்மைக் காண்கின்றனர் என்றார். ரூசோ கொட்டகை மீது கொண்ட பகை மிகையானது. ஆயினும் அவரது நோக்கை நூலகத்திற்குப் பொருத்திப் பார்க்கையில் ஓர் உண்மை புலனாகின்றது. பல்லாண்டுகளாக ஒரே மேசையில் அமர்ந்து படித்தோர், ஒருவர் பெயரை மற்றவர் அறியாதிருக்கின்றனர். அவர்களுக்கிடையே ஒரு பொதுவுடைமை உண்டு. அது அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்நூலகத்தை மூடுவதென்று நகரசபை தீர்மானிக்குமாயின், தனித்தனியே படித்துக்கொண்டிருந்தோர் தனித்தனியே வருந்திக் கலைந்து செல்வர். ஆண்டில் ஒருநாள் அவர்கள் தலைநிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது, அம்மௌனத்தைக் காக்கும் ஆற்றலை அவர்களுக்குத் தருமன்றோ? விழாவுக்கு நூலகத்தில் உள்ள நியாயம் இதுவே. இந்நியாயம் நிபந்தனையற்றதன்று.

நிபந்தனைகளுள் முதலாவதை விளக்குவதற்கு வாஷிங்ரனிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் அனுபவம் துணைசெய்யும். அது நாட்டின் தலைமை நூலகம். ஊர்மக்களின் பொது நூலகத்தோடு எல்லா வகையிலும் ஒப்பிடத்தக்கதன்று. எனினும் இசையை நூலகத்தினுள் நிரந்தரமாகக் குடியேற்றியதில் அதற்கு நிகர் குறைவு. எலிசபெத் ஸ்பிராக் கூலிட்ஜ் என்னும் அம்மையாரின் கொடையால் 1925இல் அங்கு ஓர் இசையரங்கு திறக்கப்பட்டது. பத்தாண்டு கழிந்து, கேர்ட்ரூட் கிளார்க் விற்றோல் என்னும் மற்றோர் அம்மையார், இத்தாலியக் கைவினைஞர் ஸ்ரடிவாரி செய்த மூன்று வயலின்களையும் ஒரு வியோலாவையும் ஒரு செலோவையும் அந்நூலகத்திற்கு அளித்தார். விலைமதிக்கவொண்ணாத அக்கருவிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுதலே எளிதாயிருந்திருக்கும். அவை காட்சிப்பொருளாய் உறங்கலாகாது, வாசிக்கப்படவேண்டும் என்பதே கொடையாளியின் கருத்து. 1940 தொடக்கம் 1962 வரை புடாபெஸ்ட் நால்வர் குழுவினர் அக்கருவிகளை அவ்வரங்கிலேயே வாசித்தனர். கூலிட்ஜ் அம்மையாரின் 80ஆவது பிறந்தநாளான 1944 ஒக்ரோபர் 30இல், மார்த்தா கிரகாமின் நடனத்திற்காக ஏரோன் கொப்லாண்ட் அமைத்த ‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’ முதன்முதலாக ஒலித்ததும் அங்கேதான். அரங்கு சிறியதாகையால் 13 கருவிகளுக்கே அவ்விசை எழுதப்பட்டது.

இங்கே இசை நூலகத்திற்கு வெளியிலிருந்து வருவிக்கப்பட்ட அணிகலன் அன்று. நூலகம் காத்துவைத்திருக்கும் பொருளே வாய்திறக்கின்றது. இசைச்சுவடி அலுமாரியில் இருக்கும்வரை பாதி நூல்தான். அதனை எவரேனும் வாசித்துக்காட்டும்போதே எஞ்சிய பாதி வெளிப்படும். தஞ்சைச் சரசுவதி மகாலில் இசைக்கும் நாட்டியத்திற்கும் உரிய சுவடிகள் நூற்றாண்டுகளாகப் பேணப்பட்டு வருகின்றன. அத்தகைய சுவடியொன்றை ஆண்டில் ஒருநாள் ஒரு வித்துவான் பாடிக்காட்டுவாராயின், அது விழாவா, நூலகப் பணியா என்று பிரித்துக் கூறுதல் அரிதாகும். மாறாக, திரைப்படப் பாடல்களை எங்குங் கேட்கும் அதே ஒலிபெருக்கியில் நூலக முற்றத்திலும் ஒலிபரப்புவதால் அந்நூலகத்தைப்பற்றி எவரும் புதிதாக எதையும் அறியப்போவதில்லை. திரையிசை தாழ்ந்தது என்பதற்காக இவ்வாறு கூறப்படவில்லை. அதற்கு நூலகம் தேவையில்லை என்பதற்காகவே கூறப்படுகின்றது.

ஓவியமும் சிற்பமும் இன்னும் சிக்கலான வினாக்களை எழுப்புவன. இசை நின்றவுடன் போய்விடும். சுவரில் ஏறிய ஓவியம் போவதில்லை. நூலை விரும்பாதவர் அதைத் திறவாதிருக்கலாம். சுவரோவியத்தை விரும்பாதவர் நாள்தோறும் அதன் கீழாகவே நடந்து செல்லவேண்டும். இதன் விளைவை நன்கு உணர்ந்தது பொஸ்ரன் பொது நூலகம். 1848இல் சட்டத்தால் நிறுவப்பட்டு 1854இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அந்நூலகம், 1895இல் கொப்ளி சதுக்கத்துப் பெருங்கட்டிடத்திற்குக் குடிபெயர்ந்தது. அனைவர்க்கும் இலவசம் என்னும் கருத்துடைய சொற்கள் அதன் வாயிலின்மேற் கல்லிற் செதுக்கப்பட்டுள்ளன. கட்டிடக் கலைஞர் சார்ள்ஸ் மக்கிம், மக்மொனிஸ் என்பார் வார்த்த வெண்கலச் சிலையொன்றை 1896இல் அதன் முற்றத்திற்கு அளித்தார். ஒரு கையிற் குழந்தையையும் மறுகையில் திராட்சைக் குலையையும் ஏந்தி ஆடையின்றி ஆடும் பெண்ணின் உருவம் அது. மதுவெறியையும் ஒழுக்கக்கேட்டையும் போற்றுவதாக நகரிற் பெரும் எதிர்ப்பெழுந்தது. 1897இற் சிலை அகற்றப்பட்டு நியூயோர்க் அருங்காட்சியகத்தை அடைந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னரே அதன் படியொன்று அம்முற்றத்திற்கு மீண்டது. இன்று அதனைப் பார்ப்போர், இதற்கா இத்தனை ஆரவாரம் என வியப்பர்.

அதே கட்டிடத்தில் நிகழ்ந்த இரண்டாவது பிணக்கு இத்தகையதன்று. ஜோன் சிங்கர் சார்ஜன்ற் அந்நூலகத்தின் மேல்மாடக் கூடத்திற் சமயவரலாற்றைச் சுவரோவியமாக வரைந்து வந்தார். 1919இல் வைக்கப்பட்ட ஓவியங்களுள் ஒன்று யூத சமயத்தைக் கண்கட்டப்பட்டு முடிசரிந்து வீழும் மூதாட்டியாகவும், அதன் இணையோவியம் கிறித்தவத் திருச்சபையை நிமிர்ந்து வீற்றிருக்கும் இளம்பெண்ணாகவும் காட்டியது. ஐரோப்பியத் தேவாலயங்களிற் பன்னெடுங்காலம் வழங்கிய உருவகமே அது. சார்ஜன்ற் அதனைக் கலைமரபாக மட்டுமே எடுத்துக்கொண்டிருத்தல் கூடும். ஆயின் பொஸ்ரன் யூதர்கள் அந்நூலகத்திற்கு வரியிறுத்தவர்கள். தம் பிள்ளைகளை அங்கு படிக்க அனுப்பியவர்கள். தம் வீட்டுச் சுவரிலேயே தாம் தோற்றோராக வரையப்பட்டிருப்பதை அவர்கள் கண்டனர். எதிர்ப்பு எழுந்தது, வழக்கு சட்டமன்றம்வரை சென்றது, 1924இல் எவரோ ஓவியத்தின்மீது மை எறிந்தனர். அத்தொடரின் நடுநாயகமாக அமையவேண்டிய இறுதி ஓவியத்தை வரையாமலே சார்ஜன்ற் 1925இல் இறந்தார். அதற்கென ஒதுக்கிய இடம் வெறுமையாகவே உள்ளது.

இவ்விரு எதிர்ப்புகளையும் ஒரே தராசில் நிறுப்பது பிழை. முன்னதில், ஒரு சாரார் தமக்கு ஒவ்வாத களிப்பைப் பிறர் காண்பதையும் தடுக்க முனைந்தனர். பின்னதில், ஒரு சாரார் பொது இல்லத்தில் தமக்குரிய இடத்தை வினவினர். பொது நூலகத்தின் விழாவிற் கலையைத் தெரிவு செய்வோர்க்கு இவ்வேறுபாட்டை உணரும் கடமை உண்டு. எவர் மனமும் நோகாத கலையை மட்டுமே வைப்பதென்றால் பூக்கோலம் ஒன்றே எஞ்சும். ஆனால், இவ்வோவியத்தின் முன் நிற்கும்போது தாம் இந்நூலகத்திற்கு உரியவரல்லர் என்று எண்ண நேர்வோர் இருக்கின்றனரா என்ற வினாவைக் கேளாது ஒன்றையும் சுவரில் ஏற்றலாகாது. அலுமாரியில் அதே படம் ஒரு நூலினுள்ளே இருப்பதற்குத் தடையில்லை, இருக்கவும் வேண்டும். நூலைத் திறப்பது வாசகரின் செயல். சுவரிற் பேசுவது நூலகத்தின் குரல்.

ஈழத்து விழாமேடைகளில் இதனினும் சிறியதாய்த் தோன்றும் ஒரு குறை அன்றாடம் காணக்கிடப்பது. பிரதம விருந்தினர் வாயிலை அடைந்ததும் நாதசுரமும் தவிலும் முழங்குகின்றன. மாலை சூட்டப்பட்டு, கூட்டம் உள்ளே செல்கின்றது. வாசித்தவர்கள் வெளியே நின்றுவிடுகின்றனர். என்ன இராகம் வாசிக்கப்பட்டது என்பதை எவரும் கேட்டிருக்கவில்லை. வரவேற்பு நடனம் ஆடிய சிறுமி, உரைகள் முடியுமுன்பே களைத்து உறங்கிவிடுகின்றாள். இங்கே இசையும் நடனமும் வரவின் முக்கியத்துவத்தைக் காட்டும் கருவிகள். கம்பளம் விரிப்பது போன்ற ஓர் ஏற்பாடு. கலை கேட்கப்படாத இடத்திற் கலையால் விழா எடுத்ததாகக் கூறுதல் பொருந்தாது. பிற இடங்களில் இவ்வழக்கம் பொறுக்கத்தக்கதாகலாம். ஒருவர் சொல்வதை மற்றவர் பொறுமையாகக் கேட்பதற்கென்றே எழுந்த இல்லமாகிய நூலகத்தில் அதற்கு இடமில்லை.

இவையெல்லாம் இயல்பான காலத்து இயல்பான நூலகத்திற்குரிய ஆராய்ச்சி. எரியூட்டப்பட்ட நூலகம் எந்நாளைக் கொண்டாடும்?

யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்குப் பல நாள்கள் உண்டு. கே. எம். செல்லப்பா என்பார் 1933இல் தம் இல்லத்திலேயே தொடங்கிய இலவச நூல்வழங்கும் முயற்சி வளர்ந்து, 1934 ஓகஸ்ட் 1இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் 844 நூல்களோடும் சுமார் 30 பருவ இதழ்களோடும் நூலகமாயிற்று. மறு ஆண்டு நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. சம்பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த வண. லோங் அடிகளார் முதலியோரின் முயற்சியாலும், நூலகவியலறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையாலும், சென்னைக் கட்டிடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்தாலும் எழுந்த புதிய கட்டிடம் 1959 ஒக்ரோபர் 11இல் திறக்கப்பட்டது. கத்தோலிக்கக் குரு ஒருவர் முன்னின்று உழைத்த அந்நூலகத்தின் முகப்பிற் கலைமகள் சிலை அமர்ந்ததில் எவரும் முரண்பாடு காணவில்லை. 1981 மே 31 இரவு பொலிசார் உள்ளிட்டோர் நகரில் நிகழ்த்திய வன்செயலின்போது அக்கட்டிடம் தீயிடப்பட்டது. ஓலைச்சுவடிகளும், வேறெங்கும் படியில்லாத நூல்களும் உட்பட ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அத்தீயைக் கண்ட அதிர்ச்சியிலே பன்மொழிப் புலவர் வண. தாவீது அடிகளார் உயிர்நீத்தார்.

இவற்றுள் மக்கள் நெஞ்சில் நிலைத்த நாள் எதுவென்று கூறவேண்டுவதில்லை. 1934 ஓகஸ்ட் 1ஐ அறிந்தோர் சிலர். 1981 யூன் 1ஐ அறியாதோர் இலர். நூலகத்தின் பிறந்தநாளை அதன் இறந்தநாள் மறைத்துவிட்டது. நீண்ட போர்க்காலத்தின் பின் கட்டிடம் பழைய வடிவிலேயே புதுப்பிக்கப்பட்டு, 2003 பெப்ரவரியில் திறப்புவிழாவுக்கு ஏற்பாடானபோது எதிர்ப்பெழுந்தது, விழா நிறுத்தப்பட்டது, மாநகரசபை உறுப்பினர் பதவி விலகினர். அப்பிணக்கின் அரசியல் வேறு. ஆயின் அதனோடு ஒட்டி எழுந்த ஒரு வாதம் இவ்வாராய்ச்சிக்கு உரியது. எரிந்த சுவர்களுக்கு வெள்ளையடித்து மாலை தொங்கவிடுவது, எரித்தவர்களின் குற்றத்தை மூடுவதாகும்; எரிந்த கோலத்திலேயே அதனை நினைவுச்சின்னமாக விடுதலே நேர்மை என்று சிலர் கருதினர். ஜேர்மானியத் தத்துவ அறிஞர் யோசப் பீப்பர் விழாவைப்பற்றி 1963இல் எழுதிய நூலின் அடிப்படைக் கருத்தும் இவ்வாதத்திற்கு அரணாகத் தோன்றும். உலகு நன்றென்று ஏற்றுக்கொள்ளும் மனநிலை இன்றேல் விழா இல்லை என்பது அவர் துணிபு. 97,000 நூல்களின் சாம்பலின்மேல் நின்று எதனை நன்றென ஏற்பது?

இவ்வாதத்திற்கு மதிப்பளித்தே அதன் குறையைச் சுட்டவேண்டும். துயரநாளும் ஒருவகை விழாவே. அதுவும் பலரை ஒரே உணர்ச்சியில் நிறுத்துவது. அதற்கும் மேடை உண்டு, உரை உண்டு, தலைமை தாங்குவோர் உண்டு. களிப்பு நூலகத்தை மறைத்துவிடும் என்று அஞ்சுவோர், துயரமும் அதனை மறைக்கவல்லது என்பதை எண்ணுவதில்லை. 1981இன் பின்னர் பிறந்த ஒரு தலைமுறை, அந்நூலகத்தில் ஒரு நூலைக்கூடத் தொடுமுன்பே அதன் தீயை அறிந்துகொள்கின்றது. எரிந்த நூல்களின் தொகையைத் தயங்காது கூறும் மாணவர், இப்போது அங்கிருக்கும் நூல்களுள் எதனைப் படித்தார் என்று கேட்டாற் தயங்குகின்றார். இதற்கு மாணவரை மட்டும் நோவதில் நியாயமில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவே. நூலகம் வாசகரை இழந்து நினைவுச்சின்னமாக மட்டும் நிலைக்குமாயின், எரித்தவர்கள் கருதியது வேறொரு வழியில் நிறைவேறிவிடும்.

மேலும், இசை என்றாற் களிப்பு என்று கொள்வதிலேயே ஒரு பிழை உண்டு. தமிழர் சாவீட்டில் ஒப்பாரி பாடியவர்கள். பறை அறைந்து பிணத்தை வழியனுப்பியவர்கள். பெரிய வெள்ளி நாள்களில் வடபுலத்துக் கத்தோலிக்க ஊர்கள் பசாம் படித்துப் பாடுகளை இசையால் நினைந்தவை. துயரத்திற்குப் பாட்டு வேண்டாம் என்பது இம்மண்ணின் மரபன்று. ஆகவே இத்தகைய நூலகத்தின் ஆண்டுநிறைவில் இசைக்கு இடமுண்டா என்ற வினா, எத்தகைய இசை என்ற வினாவாக மாறுகின்றது. இழந்தவற்றை மறைக்கும் இசையுண்டு. இழந்தவற்றுள் எஞ்சியதைக் கேட்கச்செய்யும் இசையும் உண்டு. ஏடு எரிந்தாலும் வாய்மொழியிற் பிழைத்த கூத்துப் பாட்டுகளை அண்ணாவிமார் நினைவிலிருந்து பாடுவாராயின், அதனைக் களிப்பென்பதா, துயரென்பதா? அவற்றைப் பதிவுசெய்து அதே நூலகத்திற் சேர்ப்பாராயின் அது மேலும் ஒரு நூல்வரவு. ஓவியத்திற்கும் இது பொருந்தும். தீயை வரைவதற்கு ஓவியர் பலர் உளர். 1934இல் வாடகை அறையொன்றில் 844 நூல்களைப் பார்வையிட்ட முதல் வாசகரை வரைந்தவர் எவரேனும் உளரா?

அந்த 844 இல் எத்தகைய அரசியலும் எழுதப்படவில்லை. அவை தனிமனிதர் சிலர் தம் வீட்டு அலுமாரிகளிலிருந்தும் பணப்பையிலிருந்தும் முன்பின் அறியாதவர்க்கென எடுத்துவைத்தவற்றின் பயன். தான் காணப்போகாத ஒருவர் படிப்பதற்காக ஒரு நூலைக் கொடுப்பதென்பது, பீப்பர் கூறும் அந்த ஏற்புக்கு ஒப்பான செயலே. அதனை எத்தீயும் நிகழாததாக ஆக்கிவிட முடியாது. கொண்டாடத்தக்கது அங்குண்டு.

அவ்வாறு கொண்டாடுமிடத்து ஏற்பாடுகள் சிறியனவாயினும் கருத்துக்குரியவை. விழா நாளிலும் வாசிப்பறை மூடப்படாதிருத்தல் வேண்டும். நவராத்திரியிற் சரசுவதி பூசைக்கு நூல்களை அடுக்கி மலர் சூட்டி, அன்று மட்டும் அவற்றைத் திறவாதிருப்பது வீடுகளுக்குப் பொருந்தும் வழக்கம். விசயதசமியன்று ஏடு தொடக்கி அதனை முடித்தும் வைத்துவிடுவர். நூலகத்திற்கு அவ்வழக்கம் பொருந்துவதன்று. கச்சேரி தனி மண்டபத்தில், வாசகர் கலையும் மாலைவேளையில் நிகழலாம். முன்வரிசை நாற்காலிகளிற் பெயர் எழுதிவைக்க வேண்டுவதில்லை. முதலில் வந்தவர் முதலில் அமர்வதே இரவல் மேசையில் உள்ள முறை. பாடப்பட்ட கீர்த்தனைகள் எந்நூலில் உள்ளன, அந்நூல் எந்த அலுமாரியில் உள்ளது என்பதை நிகழ்ச்சிநிரலிலேயே அச்சிட்டுவிடலாம்.

மறுநாட் காலையில் நாற்காலிகள் அடுக்கப்பட்டு, வாசிப்பு மேசைகளின்மேற் படிந்த மலரிதழ்கள் கூட்டப்பட்டிருக்கும். முதல்நாள் தம் நாற்காலியை இழந்த முதியவர் மீண்டும் வந்து நாளிதழை விரிப்பார். அந்நிகழ்ச்சிநிரலைக் கையில் வைத்துக்கொண்டு எவரேனும் ஒருவர் மேசையண்டை நின்று, அதிற் குறித்த நூல் எங்கே என்று நூலகரிடம் தாழ்ந்த குரலில் வினவுவாராயின், அதற்கு விடைகூற அவர் அலுமாரியை நோக்கி எழுந்து செல்வார்.